மிச்சக் கண்ணி

மணிக்கூட்டின் உலோகப் பட்டி என்பது கண்ணிகளை அடுத்தடுத்து வைத்துக் குறுக்கே ஊசி செருகிக் கோத்த வரிசை. முகப்பின் 12 மணிப் பக்கத்திலிருந்து ஒரு வரிசையும் 6 மணிப் பக்கத்திலிருந்து இன்னொரு வரிசையும் இறங்கி, மணிக்கட்டின் அடியில் பூட்டோடு சேர்கின்றன. தொழிற்சாலை இதை யாருடைய கைக்கென்றும் செய்வதில்லை. பெருத்த மணிக்கட்டையும் சுற்றி வரக்கூடிய நீளத்தில் செய்து அனுப்பிவிடுகிறது. சாதாரணக் கையில் அது வளையல்போல முழங்கைப் பக்கம் ஏறி இறங்கும். மிஞ்சிய கண்ணிகளைக் கழற்றி, பட்டியை மறுபடி கோத்து, அந்தக் கைக்கு அளவாக்கிக் கொடுப்பதைத்தான் மணிக்கூடு திருத்துவோர் ‘செயின் குறைக்கிறது’ என்கிறார்கள். தேர்ந்த கைக்குப் பத்து நிமிடத்துக்கு உட்பட்ட வேலை. கூலியும் பெரிதில்லை. அதனாலேயே இதைப்பற்றி யாரும் நின்று யோசிப்பதில்லை.

யோசிக்க இதில் இடம் உண்டு. மணிக்கூட்டில் மற்றவை எல்லாம் பொது. முள் காட்டும் நேரம் ஊருக்கெல்லாம் ஒன்று. அரசாங்கம் நினைத்தால் அதை மாற்றியும் வைக்கும். இலங்கையில் 1996 மே மாதம் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு வந்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் அரை மணித்தியாலம் பின்சென்று பழைய இடத்துக்குத் திரும்பியது. ஒவ்வொரு முறையும் குமிழைத் திருகியதோடு வேலை முடிந்தது. பட்டியின் நீளம் அப்படி மேலிருந்து வருவதில்லை. அதை முடிவு செய்பவை அணிகிறவரின் எலும்பும் சதையும் வியர்வையும். ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு மணிக்கூடுகள், கண்ணி கழற்றிய பிறகுதான் இன்னாருடையது என்று பிரிகின்றன.

மணிக்கட்டில் நேரம் கட்டும் வழக்கம் பரவலானது முதலாம் உலகப்போரின் பதுங்கு குழிகளில், 1914க்கும் 1918க்கும் இடையில். அப்போது இருந்தவை பெரும்பாலும் தோல் வார்கள். தோல் குளிர் நாட்டுக்கு உகந்தது. வெக்கையும் ஈரமும் ஒன்றாக இருக்கும் கரையோரத்தில் அது வியர்வையை உறிஞ்சி ஊறும், நாறும், தையல் இற்றுப்போகும். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிறியர்லி உருவாக்கிய கறையில் உருக்கு, நாம் எவர்சில்வர் என்று அறிந்த அதே குடும்பத்து உலோகம், இதற்கு விடையானது. 1930களில் உருக்குப் பட்டிகள் கடைக்கு வந்தன. 1945இல் ரோலெக்ஸ் தன் டேற்ஜஸ்ற் மணிக்கூட்டோடு வெளியிட்ட ‘ஜூபிலி’ பட்டியில் ஒரு கண்ணிக்கு ஐந்து துண்டுகள் வரிசையாக இருந்தன. அதன் சாயலைப் பிறகு வந்த எத்தனையோ மலிவு மணிக்கூடுகளிலும் காணலாம்.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பெரியகல்லாறு உலோகப் பட்டியின் தேவையையும் அதற்கு நேரும் தீங்கையும் சேர்த்தே விளக்கக்கூடிய ஊர். மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல் தெற்கே, களுவாஞ்சிகுடியைக் கடந்து, எழுவான்கரையின் ஒடுங்கிய மணல் நிலத்தில் அது கிடக்கிறது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே வாவி. சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்குக் கடலோடு தொடர்பு இரண்டு இடங்களில்: வடக்கே பாலமீன்மடுப் பக்கம் ஒரு வாய், தெற்கே கல்லாற்றுப் பக்கம் ஒரு வாய். உவர் நீருக்கும் உப்பு நீருக்கும் நடுவே ஒருவரின் கை எப்போதும் ஏதோ ஒரு உப்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். வலை இழுத்தாலும், தோணி தள்ளினாலும், சும்மா கடற்கரையில் காற்று வாங்கினாலும் அந்த உப்பு வந்து படியும். தோல் வார் இந்த ஊரில் அதிக காலம் தாங்காது. உருக்குப் பட்டி தாங்கும், ஆனால் அது கேட்கும் கவனிப்பைக் கொடுக்க வேண்டும்.

இப்பகுதிக்கு உலோகப் பட்டி மணிக்கூடுகள் வந்த பெருவழி வளைகுடா. 1970களின் நடுப்பகுதியிலிருந்து இலங்கையர்கள் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். 1985இல் அதற்கென்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமே அமைந்தது. விடுமுறையில் வருகிறவரின் பெட்டிக்குள் சவர்க்காரம், வாசனைத் திரவியம், சீலை, இவற்றோடு ஒரு மணிக்கூடும் இருக்கும். சீக்கோ 5 அவற்றில் பெயர் பெற்றது. 1963இல் ஜப்பானில் அறிமுகமான அந்த வரிசைக்குச் சாவி கொடுக்கத் தேவையில்லை. கையின் அசைவிலேயே சுருள்வில் முறுகும். நாளும் திகதியும் ஒரே சாளரத்தில் தெரியும். வளைகுடாச் சந்தைக்கென்று செய்தவற்றில் கிழமைத் தட்டு ஆங்கிலத்திலும் அரபியிலும் அச்சாகியிருந்தது. சிற்றிசன், ஒரியன்ற், ரிக்கோ எனப் பிற பெயர்களும் அதே வழியில் வந்தன.

வெளிநாட்டில் வாங்குகிறவருக்கு ஊரில் அணியப்போகிறவரின் மணிக்கட்டு தெரியாது. மச்சானுக்கு என்று வாங்குவார், தம்பிக்கு என்று வாங்குவார், அப்பாவுக்கு என்று வாங்குவார். கை அளவை நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் முழு நீளத்தோடேயே கொண்டுவருவார். கல்யாணத்துக்குப் பெண்வீட்டார் மாப்பிள்ளைக்கு வாங்கும் மணிக்கூட்டுக்கும் இதே நிலைதான். சபையில் கட்டிவிடும் அந்த நாளில் அது தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்த கிழமையில்தான் களுவாஞ்சிகுடிக்கோ கல்முனைக்கோ போய் யாரிடமாவது கொடுத்து அளவாக்க முடியும். கொடுத்தவரின் அன்பு பொதுவான அளவில் வந்து, பெற்றவரின் கையில் அவருடைய அளவைப் பெறுகிறது. பரிசு முழுமையாவது அந்த இரண்டாவது இடத்தில் என்று சொன்னால் அது மிகையாகாது.

வேலையின் தொடக்கம் அளவு பார்ப்பது. மணிக்கூட்டைக் கையில் கட்டி, பூட்டைப் பூட்டி, மணிக்கட்டின் அடியில் மிஞ்சுவதை இரண்டு விரலால் ஒன்றாகப் பிடித்துப் பார்ப்பார்கள். பிடிக்குள் வரும் கண்ணிகளின் எண்ணிக்கையே கழற்ற வேண்டியவை. அதிலிருந்து சற்றுக் குறைத்துக் கழற்றுவது அனுபவசாலியின் பழக்கம். மணிக்கட்டு ஒரே அளவில் நிற்கும் உறுப்பில்லை. விடியற்காலையில் வற்றியிருக்கும், மதியத்தில் உப்பும். கச்சான் காற்று வறட்டி வீசும் மாதங்களில் வேலை செய்து வியர்த்த கை, மாரிக் குளிரில் கட்டிய கையைவிடத் தடித்துத் தெரியும். ஆகவே வெக்கை நேரத்தில் அளவு பார்ப்பதே நல்லது. பூட்டிய பட்டிக்கும் தோலுக்கும் இடையில் சுண்டுவிரல் நுனி நுழைந்தால் போதும். அதைவிட இறுக்கினால் காற்றுப் போகாது, வியர்வை அடைபடும், தோல் சிவந்து கடிக்கும். மலிவான முலாம் பூசிய பட்டிகளில் முலாமுக்கு அடியில் நிக்கல் இருக்கும். வியர்வை அதைக் கரைத்துத் தோலில் ஏற்றும். நிக்கல் ஒவ்வாமை பரவலாக இருந்ததால்தான் தோலோடு நீண்ட நேரம் ஒட்டியிருக்கும் பொருள்களில் அதன் வெளியேற்றத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் வரம்பு விதித்தது. மணிக்கூட்டுப் பட்டியும் அந்தப் பட்டியலில் அடங்கும்.

ஒரு கண்ணியின் நீளம் எட்டு மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், அதைக் கழற்றும்போது வளையத்தின் குறுக்களவு இரண்டரை மில்லிமீற்றர் சுருங்கும். கேட்பதற்குச் சொற்பம். கையில் அது இறுக்கத்துக்கும் தொங்கலுக்கும் உள்ள முழு வேறுபாடு. கண்ணி முழுதாகத்தான் கழலும். பாதியைக் கழற்ற முடியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் சில பட்டிகளில் அரைக்கண்ணி இருக்கிறது. பலவற்றில் பூட்டின் விளிம்பில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். ஸ்பிரிங் ஊசியை ஒரு துளையிலிருந்து அழுத்தி எடுத்து அடுத்த துளைக்கு மாற்றினால் சில மில்லிமீற்றர் கூடும் அல்லது குறையும். புதுப் பட்டி வந்தவுடன் ஊசியை நடுத் துளையில் வைத்துவிட்டுக் கண்ணியைக் கழற்ற வேண்டும். அப்போதுதான் பிறகு கை தடித்தாலும் மெலிந்தாலும் இரு பக்கமும் நகர இடம் இருக்கும். இதைச் செய்யாமல் கடைசித் துளையில் வைத்து அளவு முடித்துக் கொடுப்பவர்கள், அடுத்த வெயில் காலத்துக்கு அந்தக் கையை மறுபடி கடைக்கு வரவைக்கிறார்கள்.

எந்தப் பக்கத்தில் கழற்றுவது என்பதும் கேள்விதான். பூட்டு மணிக்கட்டின் அடி நடுவில் நிற்க வேண்டும். ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் கழற்றினால் பூட்டு ஓரத்துக்கு இழுபடும். முகப்பு சாய்ந்து விழும். மேசையில் கை வைத்து எழுதும்போது பூட்டின் விளிம்பு எலும்பில் குத்தும். நான்கு கண்ணி மிஞ்சினால் பக்கத்துக்கு இரண்டு. ஒற்றைப்படையாக வந்தால் பெரும்பாலும் 6 மணிப் பக்கத்தில் ஒன்றைக் கூட்டிக் கழற்றுவார்கள். அதன் பிறகு கட்டிப் பார்த்துத் திருத்துவதுதான் முறை, ஏனென்றால் இருவர் மணிக்கட்டு ஒரே சுற்றளவாக இருந்தாலும் ஒருவருடையது தட்டையாகவும் மற்றவருடையது உருண்டையாகவும் இருக்கும். எல்லாக் கண்ணியும் கழலாது என்பதையும் கவனிக்க வேண்டும். முகப்பை ஒட்டிய கண்ணிகள் பல பட்டிகளில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டவை. பட்டி முகப்பருகே அகன்று பூட்டருகே ஒடுங்கி வரும். நடுவிலிருந்து ஒரு கண்ணியை உருவினால் அகலம் படியாக உடைந்து தெரியும். கழற்றத்தக்க கண்ணிகளின் உட்புறத்தில் சிறிய அம்புக்குறி பொறித்திருக்கும்.

அந்த அம்புக்குறியைப் படிக்கத் தெரிவது பாதி வேலை. மிகப் பரவலான இணைப்பு பிளவு ஊசி. ஒரு முனை வழவழப்பாகவும் மறுமுனை நுண்ணிதாகப் பிளந்து சற்று விரிந்தும் இருக்கும். விரிந்த முனை துளையின் சுவரை நெருக்கிப் பிடிப்பதால்தான் ஊசி நழுவாமல் நிற்கிறது. கழற்றும்போது அம்பு காட்டும் திசையிலேயே தள்ள வேண்டும். மறுபடி கோக்கும்போது அம்புக்கு எதிர்த் திசையில், வழவழப்பான முனை முதலில் நுழையுமாறு, பிளந்த முனை கடைசியாக உள்ளே போகுமாறு செருக வேண்டும். திசை மாறினால் ஊசி வளையும், துளை அகலும். அகன்ற துளையில் அதன் பிறகு எந்த ஊசியும் பிடித்து நிற்காது. நடந்துபோகும்போது மணிக்கூடு கையிலிருந்து கழன்று விழுவதற்கு வாவிக் கரையைவிட மோசமான இடம் இல்லை. பெரும்பாலும் காரணம், யாரோ ஒருமுறை அம்புக்குறியைப் பார்க்காமல் தட்டியதுதான்.

இரண்டாவது வகை குழல் ஊசி. பல ஜப்பானிய மணிக்கூடுகளில் இதுவே இருக்கும். ஊசி பிளவு இல்லாமல் நேராக இருக்கும். அதை இறுக்கிப் பிடிப்பது, பெரும்பாலும் கண்ணியின் நடுத்துண்டுக்குள் இருக்கும், எள்ளைவிடச் சற்றே பெரிய உலோகக் குழல். ஊசியைத் தள்ளி எடுத்தவுடன் அந்தக் குழல் தானாக வெளியே விழக்கூடும். விழுந்ததை விஷயம் தெரியாதவர் கவனிக்கவே மாட்டார். ஊசியை மறுபடி செருகுவார், அது வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், நன்றாகப் பொருந்தியது என்று மகிழ்வார். குழல் இல்லாத ஊசியை எதுவும் பிடித்திருக்காது; சில நாளில் அது பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும், பிறகு போய்விடும். இந்த வேலையில் மிகச் சிறிய பொருள் எதுவோ அதன்மேல்தான் முழுப் பட்டியும் தொங்குகிறது. ஆகவே வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வைத்துக் கழற்றுவது எந்தத் திருத்துநரும் மீறாத ஒழுக்கமாக இருக்க வேண்டும். சீமெந்துத் தரையில் விழுந்த குழலைத் தேடலாம். மணல் முற்றத்தில் விழுந்தால் தேட வேண்டாம்.

விலை உயர்ந்த பட்டிகளில் ஊசிக்குப் பதிலாகத் திருகாணி. கழற்ற எளிது என்று தோன்றும், ஆனால் தலைவெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குறூ டிறைவர் வேண்டும். மெல்லியது போட்டால் வழுக்கிக் கண்ணியின் பளபளப்பில் கோடு போடும். தடித்தது போட்டால் தலையே கிழியும். பல திருகாணிகள் பசை பூசி முடுக்கப்பட்டவை. சற்றுச் சூடு காட்டினால் பசை இளகும். சிலவற்றுக்கு இரு பக்கமும் தலை இருக்கும். ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைத் திருக வேண்டும்.

பழைய மலிவுப் பட்டிகளில் ஊசியே இராது. மெல்லிய தகட்டை மடித்து, மடிப்பின் நாக்கை அடுத்த கண்ணியின் மேல் வளைத்து மூடியிருப்பார்கள். கத்தி நுனியால் நாக்கைத் தூக்கிக் கண்ணியை எடுத்து மறுபடி மூடலாம். ஆனால் தகடு ஒவ்வொரு வளைப்பிலும் சோர்வடைகிறது. சில முறைக்குப் பிறகு மடிப்பில் வெடித்துவிடும். இவ்வகைப் பட்டியை ஒரே முறையில் சரியாக அளவாக்கிவிட வேண்டும். இழுத்தால் விரியும் ஸ்பிரிங் பட்டிகளும் ஒரு காலத்தில் வெகுவாக ஓடின. ஸ்பைடெல் நிறுவனம் 1959இல் வெளியிட்ட ‘ட்விஸ்ற்-ஓ-ஃபிளெக்ஸ்’ அவற்றில் புகழ் பெற்றது. அதில் கண்ணிகளைச் சேர்ப்பவை கவ்விகள். கையிலுள்ள ரோமத்தைப் பிடுங்கும் குறையும் அதற்குண்டு. இப்போது கருவியே தேவைப்படாத முறைகளும் வந்துவிட்டன. கார்ட்டியே நிறுவனம் 2018இல் வெளியிட்ட சாந்தோஸ் மணிக்கூட்டில், கண்ணியின் உட்புறப் பொத்தானை அழுத்தினால் ஊசி வெளியே வரும். நல்ல ஏற்பாடு. விலைதான் எட்டாதது.

கருவிகள் அதிகம் இல்லை. ஒரு மில்லிமீற்றருக்கு உட்பட்ட தடிப்புள்ள தள்ளூசி, பித்தளை அல்லது பிளாஸ்ரிக் தலையுள்ள சின்னச் சுத்தியல், பட்டியை நிறுத்தி வைக்க வெட்டுகள் போட்ட கட்டை, சாமணம், கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி. குமிழைத் திருகினால் ஊசியை வெளியே தள்ளும் பிளாஸ்ரிக் கருவியும் மலிவாகக் கிடைக்கிறது. அதன் முனை கோணலாக இருந்தால் ஊசியோடு அதுவும் வளையும். வீட்டில் தையலூசியால் முயல்வோர் உண்டு. தையலூசி கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது. முனை துளைக்குள் உடைந்து அடைத்துக்கொண்டால் கடைக்காரருக்கும் அதை எடுப்பது பெரும்பாடு. அடிப்பதில் பலம் வேண்டியதில்லை. முதல் தட்டில் ஊசி தலை நீட்டினால், மிச்சத்தைச் சாமணத்தாலோ குறட்டாலோ நேராக இழுத்துவிடலாம்.

பெரியகல்லாறு போன்ற ஊரில் அந்த முதல் தட்டுத்தான் சோதனை. கறையில் உருக்கு கறள் பிடிக்காது என்ற நம்பிக்கை பாதி உண்மை. மணிக்கூட்டுக்குப் பரவலாகப் பயன்படும் 316எல் வகை உருக்கில் 16 முதல் 18 வீதம் குரோமியம், 10 முதல் 14 வீதம் நிக்கல், 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் இருக்கும். குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை மேலே போர்த்துகிறது. கீறல் விழுந்தால் அந்தப் படலம் தானே மறுபடி வளரும், ஆனால் ஒட்சிசன் கிடைத்தால்தான். ஊசித் துளையின் உள்ளே காற்று எட்டாது. அங்கே வியர்வையும் கடல் நீரும் புகுந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, உப்பு மட்டும் திரும்பத் திரும்பச் செறிகிறது. உப்பிலுள்ள குளோரைட்டு அங்குள்ள படலத்தைத் தின்கிறது. வெளியே பளபளக்கும் பட்டியின் ஓரங்களில் பழுப்பு நிறக் கசிவு தெரிவது அப்போதுதான். கண்ணியைவிட மட்டமான உருக்கில் செய்த ஊசிகள் முதலில் போகும்.

கறள் ஏறிய ஊசியை வலிந்து அடித்தால் வளைந்து அடைபடும். கறள் இளக்கும் எண்ணெயை ஒரு துளி விட்டு ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் தட்டுவதே தீர்வு. பொறுமை கூலியில் சேராது. ஆனாலும் அதைச் செய்கிறவரே நல்ல திருத்துநர். கழற்றிய பிறகு துளைகளைச் சவர்க்கார நீரில் மென்மையான தூரிகையால் கழுவி, உலர்த்தி, கறள் கண்ட ஊசிகளை எறிந்துவிட்டுப் புதியவற்றைப் போட வேண்டும். மணிக்கூட்டின் நீர்த்தாங்கு திறனில் ஐயமிருந்தால் பட்டியை மட்டும் தனியே எடுத்துக் கழுவலாம்.

‘செயின் இழுபட்டுப் போச்சு’ என்று பழைய பட்டிகளைப் பற்றிச் சொல்வார்கள். உருக்கு இழுபடுவதில்லை. கண்ணிகளுக்கிடையே புகும் மணலும் காய்ந்த உப்பும் ஒவ்வோர் அசைவிலும் ஊசியை அராவுகின்றன. ஊசி மெலியும், துளை நீள்வட்டமாகும், ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை அளவு தளர்வு கூடும். இருபது மூட்டின் தளர்வு சேர்ந்து பட்டி நீண்டதாகத் தெரியும். அப்போது இன்னொரு கண்ணியைக் கழற்றினால் அளவு சரியாகும், ஆனால் நோய் தீராது. தளர்ந்த மூட்டு எங்கேனும் அறும். ஊசிகளை மாற்றுவதே அதற்கு மருந்து. கடலிலிருந்தோ வாவியிலிருந்தோ ஏறியதும் கிணற்று நீரில் பட்டியை அலசுவோருக்கு இந்த நிலை வெகு காலம் கழித்தே வரும்.

கழற்றிய பின் மேசையில் இரண்டோ மூன்றோ கண்ணிகள் கிடக்கும். இந்தத் தொழிலில் மிகக் குறைவாக மதிக்கப்படுவது அந்தக் கண்ணிகள்தான். அவற்றின் மதிப்பைப் புரிந்துகொள்ளத் தங்கச் சங்கிலியை நினைத்துப் பார்க்கலாம். பொற்கொல்லர் சங்கிலியைக் குறைத்தால் வெட்டிய துண்டை நிறுத்துக் காட்டித் திருப்பித் தருவார். தராவிட்டால் வாங்கியவர் அங்கிருந்து எழும்பமாட்டார். தங்கத்தின் மதிப்பு எடையில் இருப்பதால் துண்டாகக் கிடந்தாலும் அது தங்கமே. உருக்குக் கண்ணிக்கு எடை விலை கிடையாது. அதன் மதிப்பு முழுவதும் ஒரு பொருத்தத்தில் இருக்கிறது: அதே பட்டி, அதே அகலம், அதே ஊசித் தடிப்பு, அதே மெருகு. அந்தப் பட்டிக்கு அது ஈடு செய்ய முடியாதது, வேறு எதற்கும் உதவாதது. இப்படிப்பட்ட பொருளை மனிதர்கள் எளிதில் தவறவிடுகிறார்கள்.

தேவை பிறகுதான் வரும். நோயில் மெலிந்திருந்தபோது அளவாக்கிய கை தேறித் தடிக்கும். இருபது வயதில் கட்டியது நாற்பதில் இறுக்கும். தகப்பனின் மணிக்கூடு மகனின் கைக்கு வரும்போது இரண்டு கண்ணி போதாமல் நிற்கும். அதே நிறுவனத்தின் வேறொரு பட்டியிலிருந்து எடுத்த கண்ணி, பார்வைக்கு ஒன்றுபோலிருந்தாலும், அரை மில்லிமீற்றர் வேறுபாட்டில் பொருந்தாமல் போகும். தயாரிப்பு நின்றுபோன மாதிரிக்குக் கடையில் கேட்டுப் பயனில்லை. கடைசியில் முழுப் பட்டியையும் கழற்றிவிட்டு ஒரு றப்பர் வாரோ துணி வாரோ போடுவார்கள். மணிக்கூடு ஓடும், ஆனால் தகப்பன் கட்டியிருந்தது அதில் பாதிதான்.

கிழக்கில் மிச்சக் கண்ணி கிடைக்காமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990இல் போரினால் எழுவான்கரையிலும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் மக்கள் வீடு விட்டு ஓடினார்கள். 2004 டிசெம்பர் 26 அன்று கடல் இந்தக் கரையோர ஊர்களுக்குள் புகுந்து வீட்டுச் சாமான்களை அள்ளிக்கொண்டு போனது. கட்டியிருந்த மணிக்கூடு கையோடு தப்பியிருக்கும். மிச்சக் கண்ணியின் இடமோ அலுமாரித் தட்டு, தையல் டப்பா, சுவாமிப் படத்தின் அடி. வீடு போனால் அவையும் போகும். இங்குள்ள பழைய பட்டிகளைக் கையில் எடுக்கும் திருத்துநர் இதை அறிந்திருக்க வேண்டும். மிச்சக் கண்ணி கொண்டுவரவில்லையா என்று கேட்பதற்கு முன், அது எங்கே போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கும் மரியாதையை அந்தப் பட்டிகள் கேட்கின்றன.

கழற்றியதை ஒருநாள் திரும்பச் சேர்க்க வேண்டி வரலாம் என்பதிலிருந்து வேலையின் முதல் விதி கிடைக்கிறது: செய்ததைத் திரும்ப அவிழ்க்க முடிய வேண்டும். ஊசி கறள் பிடித்துவிட்டது, நேரம் இல்லை என்று குறட்டால் கண்ணியை வெட்டி எறிவது அளவாக்குதலில் சேராது. அது பட்டியைக் கொல்வது. துளை அகன்றுவிட்டதென்று பசையூற்றி ஊசியை ஒட்டுவதும் அதே குற்றம்தான்; அடுத்தவர் கழற்ற வரும்போது அங்கே கழற்ற ஒன்றும் இருக்காது. நல்ல வேலை கையைப் பார்த்துச் செய்யப்படும், ஆனால் அந்தக் கையோடு முடிந்துவிடாது.

கைபேசி வந்த பிறகு நேரம் பார்க்க மணிக்கூடு தேவையில்லாமல் போயிற்று. 1969 டிசெம்பரில் சீக்கோ வெளியிட்ட அஸ்ட்றனோடு தொடங்கிய, பற்றரியில் ஓடும் குவாட்ஸ் மணிக்கூடுகளின் யுகம், சுருள்வில்லும் பற்சக்கரமும் திருத்தும் வேலையை முன்பே குறைத்துவிட்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் திருத்துநருக்கு இன்று வழமையாக மிஞ்சியிருப்பவை பற்றரி மாற்றுவதும் செயின் குறைப்பதும். அந்த இரண்டில் ஆளின் கையைத் தொட்டுப் பார்த்துச் செய்ய வேண்டியது ஒன்றுதான். இணையத்தில் வாங்கிய மணிக்கூட்டோடு வரும் பிளாஸ்ரிக் கருவியால் இளைஞர்கள் அதையும் வீட்டில் செய்துகொள்கிறார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. அம்புக்குறியையும் குழலையும் அறிந்து செய்தால் நன்றாகவே செய்யலாம்.

யார் செய்தாலும், கழற்றிய கண்ணிகளை அவற்றின் ஊசி, குழலோடு ஒரு சின்னப் பொலித்தீன் உறையில் போட்டு, மணிக்கூட்டின் பின்மூடியில் பொறித்திருக்கும் மாதிரி இலக்கத்தையும் பூட்டின் உட்புறத்தில் பட்டியின் இலக்கம் இருந்தால் அதையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி உள்ளே வையுங்கள். அடையாள அட்டைப் பிரதியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் அந்த ஒரே பையில், அவசரத்துக்கு முதலில் கை போகும் பையில், அதையும் சேர்த்து வையுங்கள். கடையில் கொடுத்துச் செய்பவர்கள் காசைக் கொடுத்துவிட்டு எழும்புமுன் ‘மிச்சக் கண்ணியத் தாங்க அண்ண’ என்று கேட்டு வாங்குங்கள். கேட்காமலே எடுத்துத் தருகிறவராக இருந்தால் அடுத்த மணிக்கூட்டையும் அவரிடமே கொண்டுபோங்கள்.